பந்தைத் தொடலாம், பாத்திரத்தைத் தொடக் கூடாது: பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை

புது தில்லி: பொது உணவகங்களில் பிறர் புழங்கும் பாத்திரங்களைத் தீண்டாமையின் பெயரால் ஒருவருக்கு மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவித்த தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் 1955 ஜூன் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து 33 நாள்கள் கழித்து, ஜூலை 4-ம் தேதி, பம்பாயில் காலமானார் பல்வங்கர் பாலு. தம் அணிக்காக நாள் முழுவதும் பந்து வீசிவிட்டு, விளையாட்டரங்குக்கு வெளியே நின்று தனி மண்குவளையில் தேநீர் அருந்த நேர்ந்தவர் அவர்.

இந்திய கிரிக்கெட்டின் தொடக்க காலம் என்றவுடன் மகாராஜாக்களின் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால், இந்திய மண்ணில் ஆடி நாடெங்கும் பெயர் பெற்ற முதல் பெரும் பந்துவீச்சாளர் தோல் தொழில் செய்யும் சாமர் வகுப்பில் பிறந்தவர். விளையாட்டு சமூகத்தை மாற்றுமா என்ற கேள்விக்கு அவரது வாழ்க்கையைவிடத் தெளிவான விடை இந்திய வரலாற்றில் அரிது. மாற்றும்; ஆனால், தானாக மாற்றாது என்பதே அந்த விடை.

நான்கு ரூபாய் சம்பளம்

கொங்கணப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1876-ல் தார்வாடில் பிறந்தார் பாலு. தந்தை ராணுவப் பணியில் இருந்ததால் குடும்பம் புணேயில் வாழ்ந்தது. ஆங்கில அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும்தான் பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் கிடைத்த முதல் விளையாட்டுக் கருவிகள்.

பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்கு மாதம் மூன்று ரூபாய் சம்பளத்தில் அவர் சேர்ந்தார். பின்னர் ஐரோப்பியர்களின் புணே கிளப்பில் நான்கு ரூபாய் கிடைத்தது. அங்கு வலைப் பயிற்சியில் வெள்ளையர்களுக்குப் பந்து வீசும் வாய்ப்பு வந்தது. இடது கையால் மெதுவாகச் சுழலும் அவரது பந்துகளை அந்நாளின் தலைசிறந்த மட்டையாளரான ஜே.ஜி. கிரெய்க் விரும்பி எதிர்கொண்டார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் எட்டணா கொடுத்தார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது.

மணிக்கணக்கில் பந்து வீசிய பாலுவுக்கு அங்கு மட்டை பிடிக்கும் வாய்ப்பு மட்டும் தரப்படவில்லை. பந்துவீச்சு உழைப்பு, அதை ஏவலரிடம் விடலாம். மட்டை பிடிப்பது துரைகளின் உரிமை. கிரிக்கெட்டுக்குள் இப்படியும் ஒரு படிநிலை இருந்தது.

வெற்றியா, ஆசாரமா?

புணேயின் ஹிந்து கிரிக்கெட் அணி ஐரோப்பியர்களை வெல்ல விரும்பியபோதுதான் சிக்கல் எழுந்தது. ஊரிலேயே சிறந்த பந்துவீச்சாளரைச் சேர்த்துக்கொண்டால் வெற்றி வாய்ப்பு உண்டு. ஆனால், அவரோ தீண்டத்தகாதவர் எனக் கருதப்பட்டவர். அணியிலிருந்த தெலுங்கு உறுப்பினர்கள் சேர்க்கலாம் என்றனர். உள்ளூர்ப் பிராமண உறுப்பினர்கள் மறுத்தனர். பாலுவை ஒதுக்கினால் ஹிந்துக்களுக்கே இழப்பு என்று கிரெய்க் வெளிப்படையாகக் கருத்துத் தெரிவித்த பின்னர் பாலு சேர்க்கப்பட்டார்.

இருப்பினும், சமரசம் ஆடுகளத்தின் எல்லைக் கோட்டோடு முடிந்தது. பந்தை அனைவரும் தொட்டனர். ஆட்ட இடைவேளையில் மற்றவர்கள் அரங்கினுள் பீங்கான் கோப்பைகளில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தரப்பட்டது. உணவுக்குத் தனி மேசை, தனித் தட்டு. முகம் கழுவ நீர் தருவதற்கும் அவரது வகுப்பைச் சேர்ந்த ஏவலரே வர வேண்டியிருந்தது.

சாத்தாராவில் வெள்ளையர் அணியைப் பாலுவின் பந்துவீச்சு வீழ்த்திய பிறகே நிலைமை இளகியது. அவரோடு ஆட முடியுமானால் அவரோடு உண்ணவும் வேண்டும் என்று சீர்திருத்தவாதி மகாதேவ கோவிந்த ரானடே அணியினருக்கு எடுத்துரைத்தார். பந்திக்குள் அவருக்கு இடம் கிடைத்தது. அதைப் பெற்றுத் தர வெற்றி மட்டும் போதவில்லை. மதிப்புக்குரிய ஒருவர் பொதுவில் கண்டிக்கவும் வேண்டியிருந்தது.

1906-ம் ஆண்டு வெற்றி

1890-களின் இறுதியில் பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். மதவாரியாக அணிகள் அமைந்த காலம் அது. பார்சிகள், ஹிந்துக்கள், முஸ்லிம்கள் என ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி ஜிம்கானா இருந்தது. பாலு ஹிந்து ஜிம்கானாவுக்காக ஆடினார்.

1906 பிப்ரவரியில் ஹிந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. பாலு இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சிவராமும் அந்த அணியில் இருந்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த வேளை என்பதால், அந்த வெற்றி விளையாட்டுச் செய்தியாக மட்டும் பார்க்கப்படவில்லை. ஆள்வோரை வெல்ல வேண்டுமானால் சாதிச் சுவர்களைத் தகர்க்க வேண்டும் என்ற வாதத்துக்குச் சீர்திருத்தவாதிகள் அதைச் சான்றாகக் காட்டினர்.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. மதவாரி அணி முறை பின்னாளில் காந்தியடிகள் உள்ளிட்டோரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1946-ல் முடிவுக்கு வந்தது. ஆனால், அதே முறைதான் வெற்றிக்காகப் பாலுவை ஹிந்து என ஏற்கும் கட்டாயத்தை மேல்சாதியினருக்கு ஏற்படுத்தியது.

1911-ல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. 23 ஆட்டங்களில் ஆறில் மட்டுமே வென்று 15-ல் தோற்ற அந்தப் பயணத்தில், 35 வயது பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். நாடு திரும்பிய அவருக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு அளித்தனர். அப்போது கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கரும் அதில் பங்கேற்றார்.

எட்டாத தலைமை

பந்திக்குள் வந்த பாலுவுக்கு அணித் தலைமை எட்டவில்லை. அனுபவத்திலும் திறமையிலும் அவரே முதலிடத்தில் இருந்தபோதும், ஆண்டுதோறும் மேல்சாதியினரே தலைவராயினர். 1920-ல் பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தலைமைப் பொறுப்பும் சகோதரர்களைவிட இளையவரான பிராமண வீரர் ஒருவருக்குச் சென்றது. சிவராமும் மற்றொரு தம்பி விட்டலும் சாதிப் பாகுபாட்டைக் குறிப்பிட்டு அறிக்கை வெளியிட்டு விலகினர். ஆதரவு பெருகவே நிர்வாகம் இறங்கிவந்தது. இறுதி ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்பினர். பாலு துணைத் தலைவரானார்.

1923-ல் விட்டல் ஹிந்துக்கள் அணியின் தலைவரானார். அவ்வாண்டே ஐரோப்பியர்களை வென்றபோது ரசிகர்கள் அவரைத் தோளில் சுமந்தனர். அண்ணன் மண்குவளையில் தொடங்கிய பயணம் தம்பியின் தலைமையில் நிறைவுற ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது.

அரசியல் களம்

1932-ல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதிகள் அறிவிக்கப்பட்டதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, பாலு சமரசத்தின் பக்கம் நின்றார். மதராஸ் மாகாணத்தின் எம்.சி. ராஜாவைப் போல அவரும் கூட்டுத் தொகுதிகளை ஆதரித்தார். செப்டம்பர் 24-ம் தேதி கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இருவரின் பெயர்களும் உள்ளன.

1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலு. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலுவுக்கு 11,225 வாக்குகள் கிடைத்தன. மேல்சாதியினரின் மனமாற்றத்தைத் தம் கண்முன்னே ஓரளவு கண்டவர் பாலு. அந்த ஓரளவு போதாது, உரிமைகள் சட்டமாக வேண்டும் என்றவர் அம்பேத்கர். இருவரது அனுபவமும் உண்மை என்பதாலேயே அந்தப் போட்டி வெறும் தேர்தல் கணக்காக முடிந்துவிடவில்லை.

முதல்தர கிரிக்கெட்டில் 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21 என்பது பாலு விட்டுச்சென்ற கணக்கு. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932-ல் அவருக்கு வயது 56. டெஸ்ட் வாய்ப்பைக் காலம் பறித்தது. தலைமை வாய்ப்பைச் சாதி பறித்தது. அவர் பெற்ற இடங்களோ எதுவும் இலவசமாக வந்தவை அல்ல. அணிக்குள் நுழைய வெற்றி மீதான வேட்கையும், பந்தியில் அமர ரானடேயின் குரலும், தம்பிக்குத் தலைமை கிடைக்கச் சகோதரர்களின் வெளிநடப்பும் தேவைப்பட்டன. விளையாட்டுத் திடல் திறமையை ஊரறியச் செய்தது. அந்தத் திறமைக்கு உரிய மதிப்பைத் திடலுக்கு வெளியே போராடித்தான் பெற வேண்டியிருந்தது.