ஹென்றி கேவண்டிஷ்

ஹென்றி கேவண்டிஷ் (அக்டோபர் 10, 1731 - பிப்ரவரி 24, 1810) ஓர் ஆங்கிலேய வேதியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். ஐதரசன் வளிமத்தின் பண்புகளை ஆராய்ந்து 1766 இல் வெளியிட்டார். புவியின் அடர்த்தியை ஆய்வகத்தில் அளந்த இவரது சோதனை கேவண்டிஷ் சோதனை என அறியப்படுகிறது.

வாழ்க்கை

இவர் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை சார்லஸ் கேவண்டிஷ், வெப்பமானிகள் பற்றிய ஆய்வுக்காக 1757 இல் காப்ளி பதக்கம் பெற்றவர். ஹென்றி 1749 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1753 இல் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1760 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். வெப்பமானிகளைச் சீராக அளவிடும் முறை குறித்து 1777 இல் அறிக்கை அளித்த அக்கழகக் குழுவிலும் இடம்பெற்றிருந்தார். பெரும் செல்வராயினும் கூச்ச சுபாவம் மிக்கவர், திருமணம் செய்துகொள்ளவில்லை.

கேவண்டிஷ் சோதனை

இச்சோதனைக்கான முறுக்குத் தராசை வடிவமைத்தவர் ஜான் மிச்செல். அவர் 1793 இல் இறந்த பின் கருவி கேவண்டிஷிடம் வந்தது. இவர் அதன் பெரும்பகுதியைப் புதிதாகச் செய்து, 1797-98 இல் அளவீடுகளை மேற்கொண்டார். மெல்லிய கம்பியில் தொங்கிய, சுமார் 1.8 மீட்டர் நீளமுள்ள மரத்தண்டின் இரு முனைகளிலும் சுமார் 0.73 கிலோகிராம் ஈயக்குண்டுகள் இருந்தன. அவற்றின் அருகே சுமார் 158 கிலோகிராம் ஈயக்குண்டுகள் இரண்டு கொண்டுவரப்பட்டன. அளக்க வேண்டிய ஈர்ப்பு விசை, சிறு குண்டின் எடையில் சில கோடிகளில் ஒரு பங்கு மட்டுமே.

இவ்வளவு சிறிய விசையை மறைத்துவிடக் காற்றின் மெல்லிய அசைவே போதுமானது. அறையில் ஒருவர் நின்றால், அவரது உடல் வெப்பம் காற்றோட்டத்தை உண்டாக்கும். ஆகவே இவர் கருவியை மூடிய அறைக்குள் வைத்து, பெரிய குண்டுகளை வெளியிலிருந்தே நகர்த்தி, தண்டின் அசைவைத் தொலைநோக்கியால் கண்டார்.

அதன் பின்னரும், குண்டுகளை நகர்த்தியபின் ஈர்ப்பு நேரத்துடன் கூடுவதுபோல் தோன்றியது. முதலில் காந்த விளைவைச் சோதித்தார். அது காரணமன்று எனத் தெரிந்தது. பின்னர் பெரிய குண்டுகளை விளக்குகளால் சூடாக்கிப் பார்த்தபோது பிழை பன்மடங்கானது. பெட்டியைவிடக் குண்டுகள் வெப்பமாக இருந்தால், அவற்றை ஒட்டிய பக்கத்தில் பெட்டிக்குள் இருக்கும் காற்று மேலெழும். எதிர்ப்பக்கக் காற்று கீழிறங்கும். இவ்வோட்டமே தண்டை நகர்த்தியது.

முடிவும் தாக்கமும்

புவியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என 1798 இல் வெளியிட்டார். இதில் ஒரு கணக்குப் பிழை இருந்ததைப் பின்னாளில் பிரான்சிஸ் பெய்லி கண்டறிந்தார். திருத்திய மதிப்பு 5.448. இக்கால மதிப்பு சுமார் 5.51 ஆகும். ஈர்ப்பு மாறிலியை அளப்பது இவரது நோக்கமாக இருக்கவில்லை. அதன் மதிப்பு இவ்வளவீடுகளிலிருந்து பிற்காலத்தில் கணக்கிடப்பட்டது.

இவர் கண்ட இடர் சாதாரண ஆய்வகத் தராசிலும் உண்டு. சூடான புடக்குகையை எடையிட்டால், மேலெழும் காற்றினால் அது உண்மையைவிடக் குறைந்த எடையைக் காட்டும். இதனாலேயே பொருள்களை உலர்த்தியில் வைத்து, அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்த பின் எடையிடுகின்றனர்.