எட்கார் லியோபோல்ட் லேயாட்டும் பறவைகளின் இறகு நிறங்களும்

க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களுக்கான வாசிப்பும் கிரகித்தலும்

இப்பகுதியைக் கற்பதன் மூலம் நீங்கள் அறிந்துகொள்பவை:
• இலங்கைப் பறவைகளை ஆராய்ந்த ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு
• இறகு நிறங்கள் உண்டாகும் முறையும் அவற்றின் பயன்களும்
• ஆண், பெண் பறவைகள் நிறத்தில் வேறுபடுவதற்கான கூர்ப்புக் காரணங்கள்

அறிமுகம்

கொழும்பு 14, கிராண்ட்பாஸ் பகுதி மாணவர்களுக்கு லேயாட்ஸ் புரோட்வே என்னும் வீதி நன்கு தெரிந்ததாகும். அவ்வீதி தாங்கி நிற்பது, 19 ஆம் நூற்றாண்டில் இலங்கை அரசாங்க சேவையில் பல பதவிகளை வகித்த லேயாட் குடும்பத்தின் பெயராகும். 1866 இல் கொழும்பு மாநகர சபையின் முதலாவது முதல்வராக விளங்கிய சாள்ஸ் பீற்றர் லேயாட் இக்குடும்பத்தவரே. அவரது ஒன்றுவிட்ட சகோதரரான எட்கார் லியோபோல்ட் லேயாட், பதவியினால் அன்றிப் பறவைகளினால் புகழ் பெற்றவர். அவரது வாழ்க்கையையும், அவர் சேகரித்த பறவைகள் வாயிலாக இறகு நிறங்களின் கதையையும் இங்கு நோக்குவோம்.

1. இளமைக் காலம்

லேயாட் 1824 ஆம் ஆண்டு யூலை 23 ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஹென்றி பீற்றர் ஜோன் லேயாட் இலங்கையில் அரசாங்க சேவை புரிந்தவர். மூத்த சகோதரரான ஒஸ்டின் ஹென்றி லேயாட், பண்டைய அசீரிய நகரங்களை அகழ்ந்து உலகப் புகழ் பெற்றார். தமையன் மண்ணுக்கு அடியில் தேடினார். தம்பியோ மரக்கிளைகளில் தேடினார் எனலாம்.

1845 இல் பார்பரா ஆன் கல்த்ரொப் என்பவரை மணந்த லேயாட், அடுத்த ஆண்டில் இலங்கை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22 கூட நிறைந்திருக்கவில்லை.

2. இலங்கையில் ஆற்றிய பணி

இராணுவ வைத்தியரும் இயற்கை ஆய்வாளருமான ரொபேட் டெம்பிள்டன் என்பவரின் தொடர்பு லேயாட்டின் ஆர்வத்தைத் தூண்டியது. அரசாங்கக் கடமைகளுக்கிடையே கிடைத்த நேரத்தில் அவர் பறவைகளைச் சேகரிக்கலானார். கொழும்பு நூதனசாலை 1877 இல் தான் திறக்கப்பட்டது. எனவே லேயாட்டின் காலத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய பெருந்தொகுதி எதுவும் இங்கு இருக்கவில்லை. அவர் தமது மாதிரிகளைக் கல்கத்தாவிலிருந்த ஆசியச் சங்கத்தின் நூதனசாலைக்கு அனுப்பி, அங்கு பொறுப்பாளராக விளங்கிய எட்வேட் பிளைத் என்பவரின் கருத்தைப் பெற்று வந்தார்.

அவ்வாறு அறியப்பட்டவற்றுள் ஒன்று, இலங்கைக்கு மட்டுமே உரித்தான ஒரு கிளியினமாகும். 1849 இல் பிளைத் அதனை விபரித்தபோது, லேயாட்டின் மனைவியின் குடும்பப் பெயரே அதன் விஞ்ஞானப் பெயரில் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் அது லேயாட்டின் கிளி என வழங்கப்படுகிறது. 1853, 1854 ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பறவைகள் பற்றிய லேயாட்டின் குறிப்புகள் இங்கிலாந்தின் ஓர் ஆய்வுச் சஞ்சிகையில் தொடராக வெளிவந்தன. பறவைகளின் தோற்றம் மட்டுமன்றி அவற்றின் உணவு, கூடு, நடத்தை, வாழிடம் என்பனவும் அவற்றில் பதியப்பட்டன.

3. முத்துவின் பறவை

லேயாட் வடக்கே பருத்தித்துறையில் தங்கியிருந்த காலத்தில் அவரிடம் முத்து என்னும் தமிழ்ப் பணியாளர் இருந்தார். முத்து பொறுமையும் வேட்டைத் திறனும் மிக்கவர். லேயாட் பெற்ற சிறந்த பறவைகள் பல முத்து தேடிக் கொணர்ந்தவையே. ஒருநாள் அவர் கொண்டுவந்த சிறிய மண்ணிறப் பறவை முன்னர் எவராலும் விபரிக்கப்படாத இனம் என்பதை லேயாட் உணர்ந்தார். 1854 இல் அதனை விபரித்தபோது அதற்கு முத்துவின் பெயரையே இட்டார். இன்றும் உலகெங்கும் அப்பறவையின் விஞ்ஞானப் பெயர் மஸ்கிகாப்பா முத்துயி என்பதாகும்.

அக்காலத்தில் பறவைகளுக்குப் பெரும்பாலும் பிரபுக்கள், தளபதிகள், அறிஞர்கள் ஆகியோரின் பெயர்களே இடப்பட்டன. எமது தேசியப் பறவையான காட்டுக்கோழியின் விஞ்ஞானப் பெயரில் கூட லபாயெற் என்னும் பிரெஞ்சுப் பிரபுவின் பெயரே உள்ளது. அத்தகைய காலத்தில் பணியாளர் ஒருவரின் உழைப்பைப் பெயர் கூறி ஏற்றுக்கொண்டமை லேயாட்டின் நேர்மையைக் காட்டுகிறது. விஞ்ஞான அறிவு ஒரு தனிமனிதரின் சொத்தன்று என்பதற்கும் இது சான்றாகும்.

4. இறகுகளுக்கு நிறம் எவ்வாறு வருகிறது?

லேயாட் சேகரித்த பறவைகளுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்: மண்ணிறமான முத்துவின் ஈப்பிடிப்பான், பச்சையும் நீலச் சாம்பலும் கலந்த கிளி, செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் காட்டுக்கோழிச் சேவல். இந்நிறங்கள் யாவும் ஒரே முறையில் உண்டாவதில்லை.

(அ) நிறப்பொருள்களினால் உண்டாகும் நிறம்
கறுப்பும் மண்ணிறமும் மெலனின் என்னும் நிறப்பொருளால் உண்டாகின்றன. இதனைப் பறவையின் உடலே உற்பத்தி செய்கிறது. மெலனின் இறகைத் தேய்வடையாது காக்கவும் உதவுகிறது. வெண்ணிறப் பறவைகள் பலவற்றின் சிறகு நுனி கறுப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகியவை பல பறவைகளில் கரற்றினொயிட்டுக்களால் உண்டாகின்றன. இவற்றைப் பறவைகள் உணவிலிருந்தே பெற வேண்டும். மன்னாருக்கு வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பு நிறம் அவை உண்ணும் சிற்றுயிர்களிலிருந்து கிடைப்பதே. கிளிகள் இதற்கு விலக்காகும். அவை தமது மஞ்சள், சிவப்பு நிறப்பொருள்களைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன.

(ஆ) அமைப்பினால் உண்டாகும் நிறம்
மீன்கொத்தியின் நீல இறகில் நீல நிறப்பொருள் கிடையாது. இறகிலுள்ள கெரற்றினும் நுண்ணிய வளி இடைவெளிகளும் சேர்ந்து நீல ஒளியைச் சிதறச் செய்கின்றன. அவ்விறகை நசுக்கினால் அமைப்புச் சிதைந்து நீலமும் மறைந்துவிடும். மயிலிறகைத் திருப்பத் திருப்ப நிறம் மாறுவதற்கும் நிறப்பொருளின் அளவு காரணமன்று. மெலனின் மணிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ள முறையே காரணமாகும்.

(இ) இரண்டும் சேர்ந்து உண்டாகும் நிறம்
கிளியின் பச்சை இதற்குச் சிறந்த உதாரணமாகும். அமைப்பினால் உண்டாகும் நீலத்தின் மேல் மஞ்சள் நிறப்பொருள் அமைவதால் எமக்குப் பச்சை தெரிகிறது.

5. நிறத்தின் பயன் என்ன? டார்வினும் வலஸும்

காட்டுக்கோழியில் சேவல் பளிச்சிடுகிறது. பேடோ காய்ந்த சருகு போன்று மண்ணிறமானது. இவ்வேறுபாடு ஏன் என்பது 19 ஆம் நூற்றாண்டில் பெரும் விவாதமாக விளங்கியது.

லேயாட் இலங்கையை விட்டுச் சென்ற பின்னர், 1855 இன் இறுதியில் சாள்ஸ் டார்வின் வீட்டுப் பறவைகளின் மாதிரிகளைக் கோரி அவருக்குக் கடிதம் எழுதினார். 1871 இல் வெளிவந்த மனிதனின் வழித்தோற்றம் பற்றிய நூலில், இலங்கைக் காட்டுக்கோழிச் சேவல்கள் பேடுகளுக்காக உயிர் போகும் வரை சண்டையிடுவது பற்றிய லேயாட்டின் குறிப்பை டார்வின் எடுத்தாண்டார். சண்டையில் வெல்லும் ஆணும், பெண்ணால் விரும்பித் தெரிவு செய்யப்படும் ஆணும் அதிக சந்ததிகளை விட்டுச் செல்கின்றன. எனவே அவற்றின் அலங்கார நிறங்கள் தலைமுறைதோறும் பெருகின என டார்வின் விளக்கினார். இது இலிங்கத் தேர்வு எனப்படும்.

அல்பிரட் ரசல் வலஸ் பெண்ணின் தெரிவை அவ்வளவாக ஏற்கவில்லை. அவர் பாதுகாப்பையே முதன்மைப்படுத்தினார். திறந்த கூட்டில் அடைகாக்கும் பெண் பளிச்சிடுமாயின் இரைகௌவிகளுக்கு இலகுவில் அகப்படும். ஆகவே மங்கலான பெண்களே தப்பிப் பிழைத்தன. பொந்துகளில் கூடமைக்கும் இனங்களில் இவ்வாபத்துக் குறைவு. ஆதலால் அங்கு இரு பாலாரும் பளிச்சிடலாம் என 1868 இல் அவர் வாதிட்டார்.

இலங்கைப் பறவைகளைக் கொண்டு இதனைச் சோதித்துப் பாருங்கள். காட்டுக்கோழிப் பேடு நிலத்தில் அடைகாக்கிறது, அது மண்ணிறமானது. மரப்பொந்தில் கூடமைக்கும் லேயாட்டின் கிளியில் இரு பாலாரும் நிறமுடையவை. ஆணின் மேல் அலகு சிவப்பாகவும் பெண்ணின் அலகு கறுப்பாகவும் இருப்பதே முக்கிய வேறுபாடாகும். ஆனால் குயிலை நோக்குக. அது அடைகாப்பதே இல்லை. காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. அவ்வாறிருந்தும் ஆண் கறுப்பாகவும் பெண் புள்ளிகளுடன் மண்ணிறமாகவும் உள்ளன. எனவே வலஸின் விதி மட்டும் போதாது என்பது தெளிவு.

எமது வயல்நிலங்களில் வாழும் வர்ண உள்ளான் மேலும் ஒரு பாடம் புகட்டுகிறது. இதில் பெண்ணே பளிச்சிடும் நிறமுடையது. ஆண் மங்கலாக இருந்து, அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுகிறது. பெண்கள் ஆண்களுக்காகப் போட்டியிடுகின்றன. அதாவது பால் எது என்பதல்ல, போட்டியிடுவது யார், அடைகாப்பது யார் என்பதே நிறத்தைத் தீர்மானிக்க உதவுகிறது. டார்வின், வலஸ் இருவரின் கருத்துகளும் இங்கு ஒன்றுசேர்கின்றன.

முத்துவின் ஈப்பிடிப்பானில் ஆணும் பெண்ணும் ஒரேமாதிரியானவை. நிழலான தாழ்ந்த கிளையில் அசையாதிருந்து பூச்சிகளைப் பிடிக்கும் இப்பறவைக்கு மண்ணிறம் உருமறைப்பாகிறது. இது பனிக்காலத்தில் வடக்கிலிருந்து எமது நாட்டிற்கு வரும் வலசைப் பறவை என்பதும் குறிப்பிடத்தக்கது.

6. இன்றைய அறிவு

லேயாட் அறிந்திராத பல உண்மைகள் இன்று தெரியவந்துள்ளன. மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்புக் கலங்கள் மூவகைப்படும். பறவைகளில் அவை நான்கு வகையாகும். பல பறவைகள் ஊதாக்கடந்த ஒளியையும் காண்பதால், எமக்கு ஒரேமாதிரித் தோன்றும் ஆணும் பெண்ணும் அவற்றுக்கு வேறாகத் தோன்றலாம். 2010 இல் சீனாவில் கிடைத்த இறகுடைய டைனோசர் சுவடுகளில் மெலனின் மணிகளின் அடையாளங்கள் இனங்காணப்பட்டன. பறவைகள் தோன்றுவதற்கு முன்பே இறகுகள் நிறமும் கோடுகளும் பெற்றிருந்தன என்பது இதனால் விளங்குகிறது.

7. பிற்கால வாழ்க்கை

1854 இல் லேயாட் தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்குச் சென்று அரசாங்க சேவையில் இணைந்தார். 1855 முதல் கேப் டவுனிலுள்ள நூதனசாலையின் பொறுப்பாளராகவும் பணியாற்றினார். 1867 இல் தென்னாபிரிக்கப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பின்னர் பிரேசில், பிஜி, நியூ கலிடோனியா ஆகிய இடங்களிலும் கடமையாற்றினார். செல்லுமிடமெல்லாம் பறவைகளைச் சேகரிப்பதை அவர் கைவிடவில்லை. 1900 ஆம் ஆண்டு சனவரி 1 ஆம் திகதி இங்கிலாந்தின் டெவன் பகுதியில் காலமானார்.

அவர் இலங்கையில் தொடங்கிய பணியை வில்லியம் வின்சன்ட் லெக் தொடர்ந்தார். 1880 இல் நிறைவுற்ற லெக்கின் இலங்கைப் பறவைகளின் வரலாறு என்னும் பெருநூலுக்கு லேயாட்டின் குறிப்புகள் அடித்தளமாயின. கிராண்ட்பாஸில் வீதியொன்று ஒரு குடும்பத்தின் பதவியை நினைவூட்டுகிறது. ஆண்டுதோறும் கடல் கடந்து வரும் சிறு பறவையோ முத்துவின் உழைப்பை நினைவூட்டுகிறது.

நினைவிற் கொள்க
• பறவை மறைந்துகொள்வதற்காகத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது என விடை எழுதுவது தவறாகும். குடித்தொகையில் ஏற்கெனவே நிற வேறுபாடுகள் காணப்படும். அவற்றுள் பொருத்தமானவற்றை உடையவை அதிகம் பிழைத்து இனம் பெருக்கும். அந்நிறம் அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படும். இதுவே சரியான விளக்கமாகும்.
• மெலனின் உடலில் ஆக்கப்படும். கரற்றினொயிட்டு உணவிலிருந்து பெறப்படும்.

பயிற்சி வினாக்கள்
1. லேயாட் தமது மாதிரிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியமைக்குக் காரணம் யாது?
2. நீல இறகை நசுக்கினால் நீலம் மறைவது ஏன்?
3. இலிங்கத் தேர்வு என்பதை காட்டுக்கோழியை உதாரணமாகக் கொண்டு விளக்குக.
4. வலஸின் கருத்துக்குச் சாதகமான ஓர் உதாரணமும் பாதகமான ஓர் உதாரணமும் தருக.
5. வர்ண உள்ளானில் பெண் பளிச்சிடும் நிறமுடையதாக இருப்பதற்குரிய காரணத்தை உய்த்தறிக.
6. செயற்பாடு: உங்கள் வீட்டின் அருகே காணப்படும் ஐந்து பறவைகளை ஒரு வாரம் அவதானித்து, ஆண் பெண் நிறம், கூடமைக்கும் இடம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. கூடுகளைத் தொடுவதையும் பறவைகளைப் பிடிப்பதையும் தவிர்க்க.