எம்.ஜி.ஆருக்கு வாழ்வு தந்த சிறுநீரகம்

1984-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி. முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

செய்தி காட்டுத்தீ போல் பரவியது. கடை வீதியிலும் டீக்கடையிலும் இதே பேச்சு.

எம்.ஜி.ஆருக்கா நோய்? மக்களால் நம்ப முடியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அவரைப் போல் உடம்பைப் பேணியவர்கள் குறைவு. சிலம்பம் தெரிந்தவர். வாள் சண்டை பழகியவர். தவறாமல் தேகப்பயிற்சி செய்தவர். சினிமாவில்கூட குடிப்பவராகவோ, புகை பிடிப்பவராகவோ நடிக்கத் தயங்கியவர்.

அப்படிப்பட்டவரின் இரண்டு சிறுநீரகங்களும் செயல் இழந்துவிட்டன.

வறுமையில் வளர்ந்தவர்

எம்.ஜி.ஆர். 1917-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி இலங்கையில், கண்டிக்கு அருகே உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை கோபால மேனன் இறந்துவிட்டார். தாயார் சத்தியபாமா, சக்கரபாணி, ராமச்சந்திரன் ஆகிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு வந்தார்.

வீட்டில் வறுமை. படிப்பைத் தொடர முடியவில்லை. அண்ணனும் தம்பியும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அங்கே வயிற்றுக்குச் சோறு கிடைத்தது. நடிப்பும் கிடைத்தது.

1936-ல் வெளிவந்த "சதிலீலாவதி" படத்தில் எம்.ஜி.ஆர். சிறு வேடத்தில் தோன்றினார். கதாநாயகன் ஆவதற்குப் 11 ஆண்டுகள் காத்திருந்தார். 1947-ல் "ராஜகுமாரி" அந்த வாய்ப்பைத் தந்தது.

1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் குரல் பழைய குரலாக இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார்.

1972-ல் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1977-ல் முதல்-அமைச்சர் ஆனார். அப்போது அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதி அருப்புக்கோட்டை. திருத்தங்கலில் இருந்து விருதுநகர் வழியாகப் போனால் அந்த ஊர் வந்துவிடும். ஆகவே திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு அவர் பக்கத்துத் தொகுதிக்காரர்.

1982-ல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். பசியை அறிந்தவர், பிள்ளைகளின் பசியைத் தீர்க்க நினைத்ததில் வியப்பில்லை.

யூரியா என்பது என்ன?

அவருக்கு வந்த நோயை அறிய, சிறுநீரகத்தின் வேலையை அறிய வேண்டும்.

முதுகெலும்பின் இருபுறமும், விலா எலும்புக்குக் கீழே, அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவுதான். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வேண்டியதை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன.

பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் புரதச் சத்து இருக்கிறது. உடம்பு அதைப் பயன்படுத்திய பிறகு கழிவு மிஞ்சும். கல்லீரல் அந்தக் கழிவை யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. வயலுக்குப் போடுகிற யூரியாவும் இதுவும் ஒரே பொருள்தான். இரத்தத்தில் உள்ள யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பொறுப்பு.

100 மில்லி இரத்தத்தில் சுமார் 15 முதல் 40 மில்லிகிராம் வரை யூரியா இருக்கலாம். சிறுநீரகம் பழுதுபட்டால் இந்த அளவு ஏறிக்கொண்டே போகும். பசி எடுக்காது. குமட்டல் வரும். கால் வீங்கும். உடல் அரிக்கும். மூச்சு வாங்கும். முற்றினால் நினைவு தடுமாறும்.

அமெரிக்கப் பயணம்

எம்.ஜி.ஆருக்கு நீரிழிவு நோய் இருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோய்களில் அதுவே முதன்மையானது. அடுத்தது இரத்தக் கொதிப்பு. இரண்டுமே சத்தம் இல்லாமல் வேலை செய்யும். பாதிக்கு மேல் கெட்ட பிறகும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் அவரைத் தாக்கியது. பேச்சு தடைப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தி சென்னைக்கு வந்து அவரைப் பார்த்துச் சென்றார். அதே மாதம் 31-ந் தேதி இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார்.

நவம்பர் 5-ந் தேதி எம்.ஜி.ஆர். தனி விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள டவுன்ஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதே வழி என்று முடிவாயிற்று.

இங்கே கோவில்களிலும் மசூதிகளிலும் தேவாலயங்களிலும் மக்கள் கூடினார்கள். தியேட்டர்களில் "ஒளிவிளக்கு" படத்தின் பிரார்த்தனைப் பாட்டைப் போட்டார்கள். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள்.

அண்ணன் மகள் கொடுத்த கொடை

சிறுநீரகம் கொடுக்க முன்வந்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. எம்.ஜி.ஆருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகள் மகளாக நின்றார்.

1984 டிசம்பர் 19-ந் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. சித்தப்பாவின் உடம்பில் மகளின் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியது.

ஐந்தாம் நாள், டிசம்பர் 24-ந் தேதி, தமிழ்நாட்டில் தேர்தல். ஒரு கூட்டத்தில்கூடப் பேசாத எம்.ஜி.ஆர். ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். அவர் கட்சியும் வென்றது.

1985 பிப்ரவரி 4-ந் தேதி சென்னை திரும்பினார். 10-ந் தேதி மூன்றாம் முறையாக முதல்-அமைச்சர் பதவி ஏற்றார். அடுத்த மாதமே ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டது. திருத்தங்கல் அடங்கிய காமராஜர் மாவட்டம் உதயமாயிற்று. அதுதான் இன்றைய விருதுநகர் மாவட்டம்.

பேச்சு முழுமையாகத் திரும்பவில்லை. ஆனாலும் மூன்று ஆண்டுகள் அந்தச் சிறுநீரகத்தோடு வாழ்ந்து, பணியாற்றினார். 1987 டிசம்பர் 24-ந் தேதி அதிகாலையில், ராமாவரம் தோட்டத்து வீட்டில் மாரடைப்பால் காலமானார். சென்னை மெரினா கடற்கரையில் அண்ணா சமாதி அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

ஏழைக்கும் வழி உண்டு

முதல்-அமைச்சருக்கு விமானம் வந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சை இன்று தமிழ்நாட்டிலேயே நடக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1971-லேயே அது வெற்றிகரமாக நடந்தது. இரத்தத்தை எந்திரத்தில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் சிகிச்சைக்கு முதல்-அமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் உதவுகிறது.

உறுப்பு தானத்துக்கு 1994-ல் சட்டம் வந்தது. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன், மனைவி ஆகியோர் நெருங்கிய உறவினராகச் சிறுநீரகம் தரலாம். அண்ணன் மகள் தருவதானால் இன்று அனுமதிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஏழைகளின் சிறுநீரகத்தைத் தரகர்கள் விலை பேசியதால் வந்த கட்டுப்பாடு இது.

இதையெல்லாம்விட நல்லது, நோய் வருமுன் பார்ப்பது.

திருத்தங்கல் வெயில் ஊர். பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள் வியர்வையில் நனைகிறார்கள். கூலி குறையுமே என்று தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காதவர்கள் உண்டு. உடம்பில் நீர் வற்றினாலும் இரத்தத்தில் யூரியா ஏறும். அது உடனே சிறுநீரக நோய் என்று ஆகிவிடாது. நீர் குடித்தால் இறங்கிவிடக்கூடும். ஆகவே யூரியாவை மட்டும் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்வதில்லை. கிரியேட்டினின் என்னும் கழிவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்பார்கள்.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்கக் கூடாது. சிறுநீர் நுரைத்தாலும், காலையில் முகம் வீங்கினாலும் டாக்டரிடம் போக வேண்டும். ஏற்கனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை டாக்டரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வாளை வீசிய கையும், சிலம்பம் சுற்றிய தோளும் எம்.ஜி.ஆருக்கு இருந்தன. உள்ளே இருந்த கைமுட்டி அளவு உறுப்பை அவை காக்கவில்லை. அதைக் காக்கக் கொஞ்சம் இரத்தமும் சிறுநீரும் கொடுத்துச் சோதித்துப் பார்த்தால் போதும். அதற்கு யாரும் அமெரிக்கா போக வேண்டியதில்லை.