சுடாத காய்ச்சலைக் கண்டவர்

எங்கள் உம்மும்மாவுக்கு 82 வயது. ரமழானுக்கு முந்திய வாரம் ஒருநாள் காலையில் அவர் தேநீரைத் தொடவில்லை. மறுநாள் குளியலறை வாசலில் கால் தள்ளாடி அப்படியே கீழே இருந்துவிட்டார். அன்று பின்னேரம் என்னைச் சாச்சியின் பெயர் சொல்லி அழைத்தார். உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சுடவில்லை. அக்குளில் வைத்த வெப்பமானி 98.8 பாகை பரன்ஹைட் காட்டியது. வயதானால் இப்படித்தான் என்று எல்லோரும் ஆறுதலானோம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நானும்தான். மூன்றாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். நியுமோனியா முற்றியிருந்தது.

அவர் வார்ட்டில் இருந்த நாட்களில், சுடாத உடம்புக்குள் காய்ச்சல் எப்படி ஒளிந்திருந்தது என்று தேடித் தேடி வாசித்தேன். அப்போது கிடைத்தவர்தான் பிரெஞ்சு வைத்தியர் ஜோன் மார்ட்டின் ஷார்க்கோ.

அவர் 1825 நவம்பர் 29ஆம் திகதி பரிஸ் நகரில் பிறந்தார். தந்தை குதிரை வண்டிகள் செய்பவர். சிறுவயதிலேயே ஷார்க்கோ நன்றாகப் படம் வரைவார். பேச்சுக் குறைவு, பார்ப்பது அதிகம். மருத்துவம் படித்து 1853இல் பட்டம் பெற்றார். 1862இல் சல்பெத்ரியேர் என்னும் வைத்தியசாலையில் பொறுப்பேற்றார்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். முன்பு அங்கு வெடிமருந்து செய்தார்களாம். 1656இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் அது ஏழைப் பெண்களை அடைத்து வைக்கும் இடமானது. ஷார்க்கோ போனபோதும் ஏறத்தாழ 5000 பெண்கள் இருந்தார்கள். பலர் போக்கிடம் இல்லாத மூதாட்டிகள். பெயர் எடுக்க நினைத்த வைத்தியர்கள் அங்கே நீண்ட நாள் தங்க விரும்புவதில்லை. ஷார்க்கோ தங்கினார். நண்பர் வுல்பியானுடன் சேர்ந்து வார்ட் வார்டாகப் போய் ஒவ்வொருவரையும் பரிசோதித்துக் குறித்து வைத்தார். மரணித்தவர்களின் உடலைத் திறந்து பார்த்துத் தம் குறிப்போடு ஒப்பிட்டார்.

அப்போதுதான் அந்த விசித்திரம் தெரிந்தது. முறையிடாமல் நடமாடித் திரிந்த மூதாட்டி திடீரென்று இறந்துபோவார். திறந்து பார்த்தால் நுரையீரல் நியுமோனியாவால் இறுகிப்போயிருக்கும். இளைஞருக்கு வரும் நடுக்கமோ, நெஞ்சுக் குத்தோ, கடும் இருமலோ அவருக்கு வந்திராது. முதுமையில் ஓர் உறுப்பு தனியே நோயுற்றாலும் முழு உடம்பும் சேர்ந்து குரல் எழுப்புவதில்லை என்று ஷார்க்கோ விளங்கிக்கொண்டார். தோல் குளிர்ந்திருக்க உள்ளே வெப்பம் ஏறியிருக்கலாம். ஆகவே கையையும் அக்குளையும் நம்பாமல் மலவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும் என்று கற்பித்தார். வெப்பமானி வைத்தியர்களின் கைக்கு அப்போதுதான் பரவலாக வந்துகொண்டிருந்த காலம் அது. 1866இல் தொடங்கிய இந்த விரிவுரைகள் மறு வருடமே நூலாயின. 1881இல் ஆங்கிலத்திலும் வந்தன.

அந்தப் பகுதியை வாசித்தபோது உம்மும்மாவின் குளிர்ந்த நெற்றிதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

பின்னாளில் ஷார்க்கோ நரம்பு நோய்களால் உலகப் புகழ் பெற்றார். 1882இல் அந்தத் துறைக்கென்றே பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. சிக்மண்ட் பிராய்ட் 1885இல் அவரிடம் படிக்க வந்தார். அந்தப் புகழ்க் காலத்தில், நோயுற்ற பெண்களைக் கூட்டத்தின் முன் நிறுத்தி அவர்களது வலிப்பைக் காட்டிப் பாடம் நடத்தினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் பார்க்காத கிழவிகளைக் குனிந்து பார்த்த அந்த இளம் வைத்தியரையே நான் விரும்புகிறேன்.

அவர் பார்த்தது இன்றும் பொய்யாகவில்லை. வைத்தியசாலையில் உம்மும்மாவைக் கவனித்த வைத்தியர் இதைத்தான் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். முதியவருக்குச் சுகமான நாளிலேயே வெப்பம் சற்றுக் குறைவு. ஆகவே 100ஐ எட்டும்வரை காத்திருக்கக்கூடாது. வழமையைவிட 2 பாகை ஏறினாலே காய்ச்சல் என்று எண்ண வேண்டும். உம்மும்மாவின் வழமையை நாங்கள் ஒருநாளும் அளந்ததில்லை. வெப்பமானி ஏறாமலே கிருமித்தொற்று வருவதும் உண்டாம். திடீர்த் தடுமாற்றம், சாப்பாட்டில் வெறுப்பு, காரணமில்லாத விழுகை, பகலெல்லாம் தூக்கம், வேகமான மூச்சு: இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலே, ஒன்றிரண்டு நாள் பார்ப்போம் என்று இராமல் அன்றே காட்ட வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் மூன்று நாளும் ஒவ்வொன்றாக வந்தன. நாங்கள் அவற்றை முதுமை என்று பெயர் சொல்லி ஒதுக்கிவிட்டோம்.

ஷார்க்கோ 1893 ஓகஸ்ட் 16ஆம் திகதி, நண்பர்களோடு பயணம் போயிருந்த இடத்தில், நுரையீரலில் நீர் கோத்து இறந்தார். அப்போது வயது 67. முப்பத்தொரு வருடங்கள் அவர் சல்பெத்ரியேரை விட்டுப் போகவில்லை.

உம்மும்மா, அல்ஹம்துலில்லாஹ், நோன்பு பத்தில் வீடு வந்துவிட்டார். முன்னைப்போல் அடுப்படிவரை நடக்க முடியவில்லை. சுபஹுத் தொழுகை முடிந்ததும் வெப்பமானியோடு போய் அவரருகில் இருப்பேன், கொப்பியில் எழுதுவேன். பெரும்பாலும் 97. பிறகு மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் அவருடைய மூச்சை எண்ணுவேன். அவருக்கு அது பிடிப்பதில்லை. எண்ணும்போதுதான் வேண்டுமென்றே என்னோடு கதைக்கத் தொடங்குவார்.