கிளட்ச் இல்லாமலே கியர் மாத்திய சிறுவன்... அயர்டன் சென்னாவின் கால் வித்தை!

கிளட்ச்சை மிதிக்காமல் கியர் மாத்த முடியுமா? டிரைவிங் ஸ்கூல்ல கேட்டா திட்டுதான் விழும். ஆனா, பிரேசிலில் ஒரு 7 வயசுப் பையன், குடும்பப் பண்ணையில் ஜீப் ஓட்டியே அதைக் கத்துக்கிட்டான். வீட்டில் அவனுக்குச் செல்லப்பேர் பெக்கோ. உலகத்துக்கு அவர், அயர்டன் சென்னா!

1960 மார்ச் 21-ல் சாவோ பாலோவில் பிறந்தவர். 4 வயசில் அப்பா, புல்வெட்டும் மெஷினோட இன்ஜினை வெச்சு ஒரு குட்டி கார்ட் செஞ்சு கொடுத்தார். அன்னிக்குப் பிடிச்ச ஸ்டீயரிங்கை அப்புறம் விடவே இல்லை.

சரி, அந்த ஜீப்பில் என்ன ரகசியம்? இன்ஜின் சுத்துற வேகமும், போடப்போற கியருக்குத் தேவையான வேகமும் ஒண்ணாகிற நொடியில் லீவரைத் தள்ளினால், கிளட்ச் இல்லாமலே கியர் உள்ளே போய் உட்காரும். கொஞ்சம் பிசகினாலும் 'கரகர'ன்னு சத்தம் வரும். அந்த நொடியைக் காதால்தான் பிடிக்கணும்.

குதிகால் மேஜிக்

இதோட அடுத்த லெவல்தான் 'ஹீல் அண்ட் டோ'. வளைவுக்கு முன்னாடி வலது காலின் முன்பகுதி பிரேக்கை அழுத்தும். இடது கால் கிளட்ச்சை மிதிக்கும். கியரைக் குறைக்கும்போது, பிரேக்கை விடாமலே வலது காலின் ஓரமோ குதிகாலோ ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டும். இன்ஜின் வேகம் ஏறும். அப்போ கிளட்ச்சை விட்டால் வண்டி குலுங்காது, சக்கரம் வழுக்காது. மூணு பெடல், ரெண்டே கால்!

சென்னாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வளைவுக்குள்ளே ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக மிதிக்காமல், படபடன்னு தட்டிக்கிட்டே இருப்பார். டயரின் பிடிமானம் எவ்வளவு மிச்சமிருக்குன்னு காலாலேயே அளந்துபார்க்கிற மாதிரி!

மழையில் இது பெரிய ஆயுதம். சின்ன வயசில் மழையில் நடந்த ஒரு கார்ட் ரேஸில் சொதப்பினவர், அப்புறம் எப்போ மழை பெய்தாலும் பயிற்சிக்குக் கிளம்பிடுவார். 1985-ல் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் அவர் ஜெயிச்ச முதல் ஃபார்முலா 1 ரேஸும் கொட்டும் மழையில்தான்.

ஒரே கியரில் ஒரு வெற்றி

1991, சொந்த ஊர் இன்டர்லாகோஸ். 1988, 1990-ல் உலக சாம்பியன் ஆகியும், பிரேசில் ரேஸை மட்டும் அவர் ஜெயிச்சதில்லை. இந்தத் தடவை முன்னணியில் இருக்கும்போது கியர்பாக்ஸ் காலை வாரியது. 4-வது கியர் போச்சு. பிறகு ஒவ்வொண்ணாகப் போய், கடைசிச் சுற்றுகளில் மிஞ்சியது 6-வது கியர் மட்டுமே. மெதுவான வளைவுகளிலும் இன்ஜின் அணைஞ்சுடாமல் காப்பாத்தி, 3 விநாடிக்கும் குறைவான இடைவெளியில் ஜெயிச்சார். உடம்பு இறுகிப்போய், காரிலிருந்து இறங்கவே உதவி தேவைப்பட்டது. கோப்பையைத் தூக்கவே ரொம்பச் சிரமப்பட்டார்.

அந்த வருஷம் அவருக்கு 3-வது பட்டம். மேனுவல் கியர்பாக்ஸ் காரில் ஒருவர் உலக சாம்பியன் ஆனது அதுதான் கடைசி. அதுக்கப்புறம் செமி-ஆட்டோமேட்டிக் கியர்களின் ராஜ்ஜியம்தான்.

1994 மே 1, இத்தாலியின் இமோலா. டாம்புரெல்லோ வளைவில் கார் சுவரில் மோதியது. சென்னாவுக்கு வயசு 34 தான். கணக்கில் 41 வெற்றிகள்.

ஜப்பானின் சுஸுகா டிராக்கில், லோஃபர் ஷூவும் வெள்ளை சாக்ஸுமாக அவர் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டுற வீடியோ இன்னிக்கும் யூடியூப்பில் இருக்கு. டிராஃபிக்ல டிரை பண்ணாதீங்க. அந்த வலது காலை மட்டும் உத்துப் பாருங்க!