மின்னலை ஆராய்ந்த பெரியார்

ஐப்பசித் திங்களில் அண்ணாமலைமீது மின்னல் வெட்டுங்கால், நம் நகரத்து விளக்குகள் ஒரு கணம் மங்கிப் பின் ஒளிர்தலை நாம் கண்டிருக்கின்றோம். இடி தாக்கிய கம்பியை விரைந்து விலக்கி ஏனையவற்றைக் காக்கும் கருவிகளும் உள. அத்தகைய காப்பு முறைகளை ஆராய வழிகோலியவருள் ஒருவராகிய சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்பாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பிரஷ்ய நாட்டுப் பிரெஸ்லா நகரில் பிறந்தார். குறுகிய உடலும் கூன் முதுகும் பிறவியிலேயே வாய்த்தன. ஆயினும் கணக்கில் இவர்க்கு நிகராவார் அரியர். சமதர்மக் கொள்கையை ஆதரித்து எழுதியமையால் அரசினர் சினத்திற்கு ஆளாகி, 1888-ல் தாய்நாடு துறந்தார். மறு ஆண்டு நியூயார்க் துறைமுகத்தை அடைந்தபோது, இவரது உருவத்தையும் வறுமையையும் கண்ட அதிகாரிகள் திருப்பியனுப்ப முனைந்தனர். உடன்வந்த நண்பர் பரிந்து பேசியிராவிடின், அமெரிக்கா ஓர் அறிஞரை இழந்திருக்கும்.

மாறுதிசை மின்னோட்டத்தைக் கணக்கிடுதல் அக்காலத்துப் பொறியாளர்க்குப் பெருந்தொல்லையாயிருந்தது. கலப்பெண்களைக் கொண்டு அதனை எளிதாக்கும் முறையை இவர் 1893-ல் சிகாகோ மாநாட்டில் விளக்கினார். கம்பியை நாட்டுமுன்னரே அதன் இயல்பைத் தாளில் வரைந்து காணுதல் இதனால் எளிதாயிற்று. கணப்பொழுதே தோன்றி மறையும் மின்னலைகளைப் பற்றி 1909-ல் ஒரு பெருநூலும் இயற்றினார்.

1920-ல் இவரது ஆற்றங்கரைக் குடிலை இடி தாக்கி, ஆங்கிருந்த கண்ணாடியைச் சிதறடித்தது. பிறர் வருந்தியிருப்பர், இவரோ துண்டுகளைப் பொறுக்கி இணைத்து, மின்னல் சென்ற வழியை ஆராய்ந்தார். வானத்து மின்னல் நாம் வேண்டும்போது வருவதன்று. அதற்காகக் காத்திருந்து காப்புக் கருவியைச் சோதித்தல் இயலுமோ? ஆதலின் 1922-ல், ஷெனெக்டடி நகரத்து ஆய்வுக்கூடத்திலேயே 1,20,000 வோல்ட்டு அழுத்தமுடைய செயற்கை மின்னலைத் தோற்றுவித்தார். மரக்கட்டை அதன்முன் சிதறிற்று. இடிதாங்கிகளின் ஆற்றலை அறிய அது துணையாயிற்று.

யூனியன் கல்லூரியில் பேராசிரியராய்க் கற்பித்தும், நகரப் பள்ளிகளின் நலம் பேணியும் வாழ்ந்த இவர், 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் மறைந்தார்.

இன்று மின்வலையின் மாதிரியைக் கணினியிலேயே அமைத்து, நொடியின் ஐம்பதில் ஒரு பங்கிற்குள் கருவி பிழையை உணருமா எனச் சோதிக்கின்றனர். மலைமேல் மின்னல் எழும்போதெல்லாம் நாம் இவரை நினைவோமாக. அத்துடன், உருவம் கண்டு எவரையேனும் நாம் வாயிலிலேயே திருப்பியனுப்பியதுண்டோ என்றும் எண்ணுவோமாக.