தொழிலைக் கேட்ட மருத்துவர்

நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் என்ன என்று கேட்பது இன்று இயல்பாகத் தோன்றலாம். இதை மருத்துவ நெறியாக வலியுறுத்தியவர் இத்தாலியரான பெர்னார்டினோ ராமசினி. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் வகுத்த வினாக்களோடு இந்த ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்றார் அவர்.

1633-இல் கார்ப்பி நகரில் பிறந்த ராமசினி, பார்மாவில் மருத்துவம் பயின்று, 1682-இல் மொதேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தம் வீட்டுக் கழிவுக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளி பதற்றத்தோடு விரைந்து உழைப்பதைக் கண்டு அவர் காரணம் கேட்டார். நெடுநேரம் குழிக்குள் இருந்தால் பார்வை பறிபோகும் என்று அந்தத் தொழிலாளி விளக்கினார். அந்த விடை ராமசினியைப் பட்டறைகளுக்கு அழைத்துச் சென்றது. கற்றறிந்த மருத்துவர்கள் கால்வைக்கத் தயங்கிய இடங்கள் அவை.

1700-இல் வெளிவந்த, தொழிலாளர் நோய்கள் குறித்த அவரது லத்தீன் நூலில் தூசி திரும்பத் திரும்ப வருகிறது. கல்தச்சர்கள் கூரிய கல்துகளைச் சுவாசித்து இருமலுக்கும் இளைப்புக்கும் ஆளாவதை அவர் எழுதினார். இறந்த கல்தச்சர்களின் நுரையீரலில் மணல் திரண்டிருந்ததாக டச்சு மருத்துவர் டீமர்புரூக் கண்டதையும் எடுத்துக்காட்டினார். சணல் சிக்கெடுப்போர், தானியம் சலிப்போர், மாவில் புழங்கும் ரொட்டி செய்வோர் ஆகியோரின் மூச்சுத் துன்பத்தையும் பதிவுசெய்தார். அதே ஆண்டில் பதுவா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பார்வை மங்கிய முதுமையிலும் நூலை விரிவாக்கி 1713-இல் மீண்டும் வெளியிட்டார். அடுத்த ஆண்டு மறைந்தார்.

அவர் கண்டதன் உட்காரணத்தைப் பிற்கால அறிவியல் விளக்கியது. மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள்வரை செல்கின்றன. அவற்றை விழுங்கும் காப்புச் செல்கள் மடிகின்றன. அங்கே தழும்பு படர்ந்து நுரையீரல் இறுகுகிறது. சிலிகோசிஸ் எனப்படும் இந்நோய் வேலையைவிட்ட பின்னும் வளரக்கூடியது; காசநோய்க்கும் வழிதிறப்பது. பருத்தித் தூசியோ மூச்சுக்குழல்களைச் சுருக்கி நெஞ்சை இறுக்குகிறது. வார விடுமுறை முடிந்து ஆலைக்குத் திரும்பும் நாளில் அந்த இறுக்கம் மிகுதி.

பொருளியல் கற்பித்த நான் ராமசினியின் பெயரை முதலில் கண்டது மருத்துவ நூலில் அன்று. ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நூலில். செய்யும் வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறுவோர் மிகையாக உழைத்து உடலைக் கெடுத்துக்கொள்வதைப் பேசும் இடத்தில் ஸ்மித் அவரைக் குறிப்பிடுகிறார். கார்ல் மார்க்ஸின் மூலதனத்திலும் ராமசினி இடம்பெறுகிறார். இது தற்செயலன்று என்பது என் கருத்து. கல்லின் விலையில் கூலியும் வண்டி வாடகையும் லாபமும் சேர்கின்றன. உடைத்தவரின் நுரையீரல் சேர்வதில்லை. நோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுவதால், அந்தச் செலவு முதலாளியின் கணக்கில் ஏறாமல் தொழிலாளியின் குடும்பத்தின்மீது விழுகிறது.

இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸையும் பருத்தித் தூசி நோயையும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களாகப் பட்டியலிட்டது. ஆனால், தொழிலைக் கேட்காத மருத்துவருக்குச் சிலிகோசிஸ் வெறும் காசநோயாகவே தோன்றக்கூடும். காசநோய் என்று எழுதப்பட்டுவிட்டால் இழப்பீடு கோர ஆதாரம் ஏது? ஒப்பந்தக் கூலியாகக் குவாரி குவாரியாக மாறியவருக்கு வருகைப்பதிவேடும் துணை நிற்காது. மருத்துவமனைச் சீட்டில் பெயர், வயதுக்கு அடுத்தபடியாகத் தொழிலுக்கும், அதைச் செய்த ஆண்டுகளுக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. அதை நிரப்பும் பொறுமைதான் வேண்டும்.